ஆர்புவா: பாஸ்டரின் ஊரில் நான்கு நாள்கள்

பிரான்ஸுக்கு வரும் நம்மவர்களின் சுற்றுலா பெரும்பாலும் மூன்று இடங்களுடன் முடிந்துவிடுகிறது. ஈஃபில் கோபுரத்தின் கீழ் நின்று ஒரு புகைப்படம், லூர்து மாதாவிடம் ஒரு யாத்திரை, லாச்சப்பல் கடைத்தெருவில் ஒரு பகல். இதில் குறை காண்பதற்கு எதுவுமில்லை. உறவினரைப் பார்க்க வருபவருக்கு நாள்கள் குறைவு. அவரை அழைத்துச் செல்ல வேண்டியவருக்கோ பெரும்பாலும் இரண்டு வேலை. எனினும் கையில் நான்கு நாள்கள் மீதமிருந்து, நடப்பதற்குக் காலும் இருக்குமானால், கிழக்கே சுவிற்சர்லாந்து எல்லைப் பக்கமாகச் செல்லுங்கள் என்றே நான் சொல்வேன். பாரிஸிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவில், ஜூரா மலைகளின் அடிவாரத்தில் ஆர்புவா என்றொரு சந்தை நகரம் இருக்கிறது. 2023 செப்டெம்பரில், திராட்சை அறுவடை நடந்துகொண்டிருந்த வேளையில், நான் அங்கு சென்றிருந்தேன்.

மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் அது. குயிசான்ஸ் என்ற சிற்றாறு பழைய கல்வீடுகளின் பின்சுவர்களை நனைத்தபடி ஊருக்குள்ளே ஓடுகிறது. நடுவில் வளைவு வாசல்கள் கொண்ட ஒரு சதுக்கம். அதைச் சுற்றி வைன் கடைகளும் வெதுப்பகங்களும். சந்தை நாளில் தேனும் காளானும் கொந்தே என்னும் பாற்கட்டியும் கடைவிரிக்கப்படுகின்றன. எந்தத் தெருவின் முனையில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் திராட்சைச் சரிவு கண்ணில்படுகிறது. 1834 இல் இவ்வூர் மக்கள் மன்னராட்சிக்கு எதிராகக் கிளர்ந்து குடியரசைப் பிரகடனம் செய்தார்கள். படையினர் வந்து தலைவர்கள் யார் என்று கேட்டபோது, நாங்கள் எல்லோருமே தலைவர்கள்தான் என்று ஊரே பதில் சொன்னதாக இன்றும் பெருமையுடன் கூறிக்கொள்கிறார்கள். நமது அரசியலிலும் எல்லோரும் தலைவர்கள்தான். ஆனால் பொருள் வேறு.

என்னுடன் வந்தவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் எனது பால்ய நண்பர்; ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள் நாங்கள். 1977 ஆம் ஆண்டு, எங்கள் இருவருக்கும் பத்து வயது இருக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு நாய் அவரது கெண்டைக்காலில் கடித்தது. விசர்நாய் என்று ஊரார் அடித்துக் கொன்றார்கள். நண்பரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள்கள் ஊசி. அந்நாள்களில் அதுதான் வைத்தியம். அதே நாய் கடித்த அயல்வீட்டுப் பசுக்கன்று இரண்டு மாதங்களின் பின் வாயில் நுரை தள்ளி, கதறிக் கதறிச் செத்ததை வேலிக்கு இப்பால் நின்று நாங்கள் இருவரும் பார்த்தோம். நண்பர் 1990 இல் நாட்டைவிட்டு வெளியேறினார். பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் முப்பது வருடங்களுக்கு மேலாக நின்றுவிட்டார். இன்றுவரை நாய் என்றால் வீதியின் மறுபக்கத்துக்கு மாறிவிடுவார்.

ஆர்புவா பாஸ்டரின் ஊர் என்று காரில் வரும்போது சொன்னேன். "பாஸ்டரோ? மச்சான், அந்தப் பேரிலை ஒரு மெற்றோ ஸ்ரேஷன் இருக்கு. வேலைக்குப் போகேக்கை நான் அதிலைதான் மாறுறனான்" என்றார். உனக்குப் போட்ட ஊசியின் மூலவர் அவர்தான் என்றபோது சிறிது நேரம் பேசாமல் வண்டியை ஓட்டினார்.

லூயி பாஸ்டர் பிறந்தது இங்கல்ல; 1822 டிசம்பரில், டோல் நகரில். நெப்போலியனின் படையில் இருந்து திரும்பித் தோல் பதனிடும் தொழில் செய்த தந்தை, மகன் சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்துடன் ஆர்புவாவுக்கு வந்துவிட்டார். தோல் பதனிட ஆற்றுநீர் வேண்டும் என்பதனால் வீடு குயிசான்ஸின் கரையிலேயே இருக்கிறது. பாரிஸில் பெரும் புகழ் அடைந்த பின்னரும் பாஸ்டர் கோடை விடுமுறைகளுக்குத் தவறாமல் இங்கு வந்தார். வந்தவர் ஓய்வெடுக்கவில்லை. வீட்டிலேயே ஆய்வுகூடம் ஒன்றை அமைத்துக்கொண்டார். இப்போது அந்த வீடு அருங்காட்சியகம். மரப்படிகள், கனத்த திரைச்சீலைகள், மேசைமீது கண்ணாடிக் குடுவைகள். அருங்காட்சியகங்களில் பொதுவாக எனக்குக் கொட்டாவி வரும். இங்கு வரவில்லை. காரணம், இந்த வீட்டின் யன்னலுக்கு வெளியே தெரிகின்ற ஊரும் மலையும்தான் அவரது உண்மையான ஆய்வுகூடம். உள்ளே பார்த்ததை அப்படியே வெளியே சென்று நடந்து பார்க்கலாம்.

நாங்கள் முதலில் சென்றது பூப்பே மலைக்கு. ஆர்புவாவிலிருந்து சலான் என்ற பழைய உப்பு நகரத்தைத் தாண்டிச் செல்ல வேண்டும். 850 மீற்றர் உயரமுள்ள இம்மலை இப்போது பராகிளைடிங் செய்வோரின் இடம். உச்சிச் சரிவில் வண்ணத் துணிகளை விரித்து, பத்து அடி ஓடி, அப்படியே காற்றில் ஏறிவிடுகிறார்கள். பயிற்றுநருடன் இணைந்து பறப்பதற்கும் வசதி உண்டு. நண்பர் என்னைத் தூண்டிப் பார்த்தார். நான் நிலத்தில் நின்று எழுதுபவன் என்று சொல்லித் தப்பிக்கொண்டேன்.

இதே மலைக்கு 1860 இல் பாஸ்டர் இருபது குடுவைகளுடன் ஏறினார். உயிரற்ற பொருளிலிருந்து நுண்ணுயிர்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று பூஷே என்ற இயற்கையியலாளர் அக்காலத்தில் வாதிட்டுக்கொண்டிருந்தார். இல்லை, அவை காற்றின் தூசியோடு வந்து விழுகின்றன என்பது பாஸ்டரின் கட்சி. நொதியச் சாற்றைக் கொதிக்கவைத்துக் கழுத்து மூடப்பட்ட குடுவைகளை ஓரிடத்தில் திறந்து, அவ்விடத்துக் காற்றை உள்ளே விட்டு, உடனே தீச்சுவாலையில் மீண்டும் மூடிவிடுவார். எந்தக் குடுவையில் சாறு கெடுகிறது என்று பின்னர் பார்ப்பார். ஆர்புவாப் பக்கத்தில், ஜூராவின் அடிவார வயல்வெளியில் திறந்த 20 குடுவைகளில் 8 கெட்டன. பூப்பே மலையில் திறந்த இருபதில் 5. அல்ப்ஸ் மலையில் 2,000 மீற்றர் உயரத்துப் பனியாற்றின்மீது திறந்த இருபதில் ஒன்றே ஒன்று. உயரே செல்லச் செல்லக் காற்றில் தூசி குறைகிறது, தூசி குறையக் கிருமியும் குறைகிறது. இவ்வளவுதான் கணக்கு. உச்சியில் நின்று பார்க்கும்போது அடிவார வயல்களும் தெரிகின்றன. எட்டுக்கும் ஐந்துக்கும் இடையிலுள்ள உயரத்தை ஒரே பார்வையில் கண்டுவிடலாம். பள்ளிக்கூடத்தில் இதனை மனப்பாடம் செய்ததற்குப் பதிலாக எங்களை ஒருநாள் ஏதாவதொரு குன்றின்மேல் ஏற்றியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மறுநாள் திராட்சைத் தோட்டங்களின் ஊடாக நடந்தோம். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட அடையாளங்களுடன் ஜி.ஆர். 59 என்ற நெடுநடைப் பாதை இப்பகுதியைக் கடந்து செல்கிறது. அதைத் தவிரவும் தோட்டங்களுக்கிடையே எண்ணற்ற சிறு பாதைகள். கூடைகளுடன் குனிந்து நின்ற அறுவடைக்காரர்கள் எங்களுக்குக் கையசைத்தார்கள். ரொசியேர் என்ற இடத்தில் பாஸ்டர் 1874 இல் வாங்கிய திராட்சைத் தோட்டம் இன்றும் திராட்சைத் தோட்டமாகவே இருக்கிறது. 1878 இல் அவர் இங்கு செய்தது ஒரு விசித்திரமான வேலை. திராட்சை பழுக்குமுன்பே சில கொடிகளைக் கண்ணாடிக் கூடங்களால் மூடினார். குலைகளைப் பஞ்சால் சுற்றினார். அறுவடைக் காலத்தில் வெளியே நின்ற கொடிகளின் பழச்சாறு வழமைபோல நுரைத்துப் பொங்கியது. கூடத்துக்குள் பஞ்சு சுற்றியிருந்த குலைகளின் சாறு அப்படியே கிடந்தது. வைனை ஆக்கும் நொதியம் பழத்தின் உள்ளே பிறப்பதில்லை, தோலின்மீது வெளியிலிருந்து வந்து அமர்கிறது என்பதற்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

இதைக் கேட்ட நண்பர் நமது ஊர் முட்டியை நினைவூட்டினார். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. பனையேறும் எவருக்கும் இது தெரியும். ஏன் என்பதைச் சொல்வதற்குத்தான் ஒரு பாஸ்டர் வேண்டியிருந்தது.

ஆர்புவாவின் வைன் பற்றி இரண்டு வார்த்தை. 1936 மே மாதம் பிரான்ஸில் முதன்முதலாகப் பிறப்பிடப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற வைன்களில் ஆர்புவாவும் ஒன்று. இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பு மஞ்சள் வைன். சவன்யான் என்ற திராட்சையின் வைனை ஓக் பீப்பாவில் ஊற்றி, ஆறு வருடம் மூன்று மாதத்துக்குக் குறையாமல் விட்டுவிடுகிறார்கள். ஆவியாகிக் குறைவதை நிரப்புவதில்லை. குறைந்த இடத்தில் நொதியம் ஒரு மெல்லிய ஆடையாகப் படர்ந்து, வைனைக் காற்றிலிருந்து காக்கிறது. கிருமிகளைத் தடுக்கக் கற்றுத்தந்தவரின் ஊரிலேயே கிருமிகளைக் காவலுக்கு வைத்துச் செய்யும் வைன் புகழ்பெற்றிருப்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டோம். ஒரு லீற்றரில் கடைசியில் எஞ்சுவது 62 சென்றிலீற்றர்தான் என்பது கணக்கு. அதனால் போத்தலும் சரியாக அதே அளவில், குட்டையாகவும் சதுரத் தோளுடனும் இருக்கிறது. 1774 ஆம் ஆண்டின் மஞ்சள் வைன் போத்தல் ஒன்று 2018 இல் ஏலத்தில் 103,700 யூரோவுக்கு விலைபோனது.

நிலவறை ஒன்றில் எங்களுக்கு ஒரு மிடறு ஊற்றித் தந்தார்கள். நான் அதன் மணத்தை விளக்கச் சொற்களைத் தேடிக்கொண்டிருக்க, நண்பர் மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டு எடுத்து, "இது வெந்தயமடா!" என்றார். சமையற்காரனின் மூக்கு பொய் சொல்லாது. வெந்தயத்துக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் சொற்றோலோன் என்ற பதார்த்தமே மஞ்சள் வைனிலும் இருக்கிறது. ஊற்றித் தந்த அம்மையார் நண்பர் சொன்னதை மொழிபெயர்க்கக் கேட்டு, பலமாகத் தலையாட்டினார்.

அந்த அம்மையார்தான் உறைபனி பற்றியும் சொன்னார். 2021 ஏப்ரலில், மொட்டு விரிந்த கொடிகள்மீது இரவோடிரவாக உறைபனி விழுந்தது. கொடிகளிடையே மெழுகுத் தீபங்களை ஏற்றி விடிய விடியக் காத்தார்களாம். அப்படியிருந்தும் அவ்வருட அறுவடையின் பெரும்பகுதி போய்விட்டது. மஞ்சள் வைனைப் பொறுத்தவரை அந்த இழப்பு 2028 இல்தான் கடைக்கு வரும் என்று அவர் கூறினார்; அதாவது, வராமல் போவதாக வரும். நாங்கள் திரும்பிய மறு வருடம், 2024 ஏப்ரலிலும் ஜூராவில் இதே கதை நடந்ததாகச் செய்தியில் படித்தேன். 19 ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 20,000 ஹெக்டேயராக விரிந்திருந்த ஜூராவின் திராட்சை நிலம், வேரை உறிஞ்சும் ஃபைலொக்சீரா என்ற பூச்சியின் பின் மீளவேயில்லை. இன்று எஞ்சியிருப்பது சுமார் 2,000. எஞ்சியவர்கள் 1906 இலேயே கூட்டுறவு அமைத்து ஒன்றாக வைன் செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டுறவு இன்றும் நடக்கிறது.

சான் ஜூஸ்த் தேவாலயத்தினுள்ளே நடுக்கூடத்தில் ஒரு மாபெரும் திராட்சைக் குலை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் பியூ. செப்டெம்பர் முதல் ஞாயிறன்று, ஊரின் தோட்டங்களிலிருந்து முதற் குலைகளைச் சேர்த்துக் கட்டி, ஆள் உயரத்தில் ஒரே குலையாக்கி, நான்கு பேர் தோளில் சுமந்து ஊர்வலமாகக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். நாங்கள் ஒரு கிழமை பிந்திப் போனதால் ஊர்வலத்தைக் காணவில்லை. வாடத் தொடங்கிய பழங்களின் இனிய புளிப்பு மணம் கூடமெங்கும் நிறைந்திருந்தது. புதிரெடுத்து முதல் நெற்கதிரைக் கோவிலில் வைக்கும் எங்களுக்கு இதனை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

நடக்க விரும்புபவர்கள் தவறவிடக் கூடாதது லே பிளான்ஷ் பள்ளத்தாக்கு. நகரிலிருந்து ஆற்றை எதிர்த்து நடந்தால் சில கிலோமீற்றரில் இருபுறமும் சுண்ணக்கல் மதில்கள் எழுந்து நெருங்கி, ஓரிடத்தில் வழியே இல்லாமல் முடிந்துவிடுகின்றன. ஜுராசிக் யுகம் என்ற பெயரே இந்த ஜூரா மலைகளின் சுண்ணக்கல்லிலிருந்து வந்ததுதான். மேலேயுள்ள சமவெளியில் விழும் மழை கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள குகைகளின் வழியாக ஆறாக வெளிப்படுகிறது. பிளான்ஷ் குகைக்குள் சென்று பார்க்கலாம். குயிசான்ஸுக்கு இவ்வாறு இரண்டு ஊற்றுக்கண்கள். நிலாவரையையும் கீரிமலையையும் அறிந்தவனுக்குச் சுண்ணக்கல்லின் இந்தக் கள்ளத்தனம் புதிதல்ல; ஆனால் நமது நாட்டில் அது நிலத்தின் கீழே நடப்பது, இங்கே 200 மீற்றர் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கிறது. சற்றுத் தள்ளி துஃப் அருவி. நீரில் கரைந்த சுண்ணாம்பு பாசியின்மீது படிந்து படிந்து படிக்கட்டுகளாகிவிட்டது. மழை பெய்த மறுநாள் சென்றால்தான் அருவி. வறட்சியில் ஈரச் சுவர். எங்களுக்கு இரண்டுக்கும் நடுவே கிடைத்தது. மதிலின் உச்சிக்கு வேறு வீதியால் காரில் செல்லலாம். குதிரை லாட வடிவில் வளைந்த அந்த விளிம்பிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் ஆர்புவா வரை தெரிகிறது. அங்கு நானும் நண்பரும் அரைமணி நேரம் பேசாமல் இருந்தோம். எங்கள் இருவருக்கும் அது அரிது.

சலானின் உப்பாலையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கு சுருக்கம். கடலே இல்லாத நாட்டில், நிலத்தின் கீழிருந்து உவர்நீரை இறைத்து, பெரும் தட்டுகளில் விறகு வைத்துக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். காடு தீர்ந்துபோக, 18 ஆம் நூற்றாண்டில் உவர்நீரை மரக்குழாய்களில் 21 கிலோமீற்றர் தூரம் ஆர்க்-ஏ-செனானுக்கு, விறகு இருந்த காட்டோரத்துக்கு, ஓடவிட்டார்கள். வெய்யிலை மட்டும் செலவழித்து உப்பு விளைவிக்கும் ஆனையிறவுக்காரர்களுக்கு இது பெரிய ஊதாரித்தனமாகத் தோன்றும். உப்புத் திருடர்களைப் பிடிக்கக் காவலர் திரிந்த அக்குழாய் வழி இப்போது நடைப்பாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் இருக்கிறது. சலான் உப்பாலை 1962 இல் மூடப்பட்டது. இரண்டு இடங்களும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளன.

கடைசி நாள் காலையில் ஆர்புவாவின் சேமக்காலைக்குப் போனோம். பாஸ்டர் அங்கில்லை, 1895 இல் இறந்த அவரது உடல் பாரிஸில் அவரது பெயர்கொண்ட நிறுவனத்தின் நிலவறையில் இருக்கிறது. இங்கிருப்பவர்கள் அவரது பெற்றோரும், மூன்று பெண் குழந்தைகளும். மூத்தவள் ஜான் 1859 இல் ஒன்பது வயதில் நெருப்புக்காய்ச்சலால் இந்த ஊரிலேயே இறந்தாள். இரண்டு வயதுக் கமீய் 1865 இல். பன்னிரண்டு வயது செசில் 1866 இல், அதுவும் நெருப்புக்காய்ச்சலால். வேறிடங்களில் இறந்த இருவரையும் ஆர்புவாவுக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். பூப்பே மலையில் குடுவைகளைத் திறந்தது மூத்த மகள் போன மறு வருடம். வைன் கெடுவதைப் பற்றிய நூல் வெளியானது செசில் போன வருடம். அவரது பெயருடன் நாம் இணைத்துப் பேசும் ஆய்வுகளின் ஆண்டுகளையும் இந்தக் கல்லறைகளின் ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. நண்பர் இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன். ஒன்றும் சொல்லவில்லை, வயதுகளை மட்டும் இரண்டாம் தடவை கேட்டார்.

ஆர்புவாவிலிருந்து பதினைந்து கிலோமீற்றருக்குள் வில்லேர்-ஃபார்லே என்ற கிராமம் இருக்கிறது. திரும்பும் வழியில் அதனூடாகப் போகலாம் என்று நண்பர்தான் கேட்டார். 1885 ஒக்ரோபரில் அங்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள்மீது விசர்நாய் ஒன்று பாய்ந்தது. அவர்களில் மூத்தவனான ஜூப்பிய் என்ற பதினைந்து வயதுப் பையன், மற்றவர்களை ஓடவிட்டு, தான் நாயுடன் மல்லுக்கட்டினான். கைகள் இரண்டும் கடிபட்ட நிலையில் சவுக்கின் கயிற்றால் அதன் வாயைக் கட்டி, தனது மரக்காலணியால் அடித்துக் கொன்றான். கிராமத் தலைவர் பாஸ்டருக்கு எழுதினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், அதே வருடம் ஜூலையில், அல்சாஸைச் சேர்ந்த மைஸ்ரர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் அந்தத் தடுப்பூசி ஏற்றப்பட்டிருந்தது. ஜூப்பிய் கடிபட்டு ஆறு நாள்கள் கடந்திருந்தன. ஊசி ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டான். பிற்காலத்தில் பாஸ்டர் நிறுவனத்திலேயே வேலை பார்த்தான். நாயுடன் அவன் மல்லுக்கட்டும் சிலை அந்த நிறுவனத்தின் வளவில் இருக்கிறது. நண்பர் தினமும் ரயில் மாறும் மெற்றோ நிலையத்திலிருந்து சில நிமிட நடை.

கிராமத்தில் பார்ப்பதற்கென்று பெரிதாக எதுவும் இல்லை. பச்சைப் புல்வெளி, மாடுகள், ஒரு தேவாலயம். வீதியோரத்தில் காரை நிறுத்திவிட்டு நண்பர் இறங்கி, புல்வெளியின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பதினைஞ்சு வயசு, என்ன?" என்று கேட்டார். ஓம் என்றேன். "எனக்குக் கடிச்சது சின்ன நாய் மச்சான். நான் ஓடத்தான் பாத்தனான்."

அப்போது எதிர்வீட்டு முற்றத்தில் நாயொன்று குரைத்தது. நண்பர் விரைந்து வந்து காரில் ஏறிக் கண்ணாடியை உயர்த்திவிட்டார். டோல் வழியாகப் பாரிஸ் வீதியைப் பிடிக்கும்போது மணி நான்கு.